சரிவுப் பொத்தான்

லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒற்றைக்கண் தொலைநோக்கி. கோல்ஃப் ஆடுகிறவர் அதைக் கண்ணில் வைத்து, தூரத்தில் தெரியும் கொடிக்கம்பத்தின் மேல் குறியை நிறுத்திப் பொத்தானை அழுத்துகிறார். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளித்துடிப்பு புறப்பட்டுப் போய்க் கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது. போய்வந்த நேரத்தை ஒளியின் வேகத்தோடு பெருக்கிப் பாதியாக்கினால் தூரம் கிடைத்துவிடும். கம்பம் 147 கெஜத்தில் இருந்தால், ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பங்கிட்டதில் ஒரு பங்குகூட அந்தப் பயணத்துக்கு ஆகாது. நல்ல கருவியில் ஒரு கெஜம் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். கம்பத்தைப் பிடித்துவிட்டதற்கு அடையாளமாகப் பல கருவிகள் கையில் லேசாக அதிரும். பக்கவாட்டில் இன்னொரு சிறு பொத்தான் இருக்கும். அதைத் தள்ளினால் 147-க்குக் கீழே 153 என்று வேறோர் எண் தோன்றும். கிரீன், அதாவது குழியைச் சுற்றிய புல்தரை, பதினெட்டு அடி மேட்டில் இருக்கிறது, 153 கெஜத்துக்கு அடிப்பதுபோல் அடி என்று அதற்குப் பொருள். முதல் எண்ணைப் பார்க்கலாம், இரண்டாவதைப் பார்க்கக்கூடாது என்கிறது கோல்ஃப் விதி. இரண்டும் தெரிவது ஒரே கண்ணாடிக்குள். பார்க்கிறவரைத் தவிர வேறு யாருக்கும் அவை தெரியப்போவதில்லை. அறத்தைப் பற்றிய பழைய கேள்வி ஒன்றை இந்தச் சின்னஞ்சிறு ஏற்பாடு மறுபடி எழுப்புகிறது. சரியாக அறிவதைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்ட பிறகு, நேர்மையாக நடப்பதையும் கருவியிடமே ஒப்படைத்துவிடலாமா? கூடாது என்பது என் வாதம். கோல்ஃப் விதிகள் இதைத் தெரிந்தோ தெரியாமலோ சரியாகவே பிடித்து வைத்திருக்கின்றன என்றும் நினைக்கிறேன்.

விதி இந்த இடத்துக்கு ஒரே நாளில் வந்து சேரவில்லை. அதை வகுப்பவை இரண்டு அமைப்புகள்: ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ஆர் அண்ட் ஏ, அமெரிக்காவின் யு.எஸ்.ஜி.ஏ. தூரம் அளக்கும் கருவியைச் செயற்கை உதவி என்று சொல்லி அவை நெடுங்காலம் விலக்கியே வைத்திருந்தன. 2006-இல் கதவு சற்றுத் திறந்தது. வேண்டுமென்கிற போட்டிக் குழு உள்விதி போட்டு அனுமதித்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்போதும் ஒரு கண்டிப்பு இருந்தது. சரிவைக் கணக்கிடும் வசதி கருவிக்குள் இருந்தாலே குற்றம். அணைத்து வைத்திருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது, போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். 2016-இல் இது மாறியது. வசதி இருந்துவிட்டுப் போகட்டும், அதைப் பயன்படுத்தாதவரை சரி என்றார்கள். 2019-இல் விதிப்புத்தகம் முழுவதையும் புதிதாக எழுதியபோது நிலைமை தலைகீழானது: ரேஞ்ச்ஃபைண்டருக்குப் பொதுவாகவே அனுமதி, வேண்டாமென்கிற குழுதான் உள்விதி போட்டுத் தடுக்க வேண்டும். சரிவை அளப்பதற்கான தடையோ நீடித்தது. முதல் முறை மீறினால் இரண்டு அடி (ஸ்ட்ரோக்) அபராதம், மறுபடி மீறினால் நீக்கம். இந்த வரலாற்றைப் பேசுகிறவர்கள் 2006-ஐயும் 2019-ஐயும்தான் சொல்வார்கள். எனக்கு 2016 பெரிதாகப் படுகிறது. அதுவரை விதி கருவியால் என்ன முடியும் என்று கேட்டது. அதன்பின் அதை வைத்திருப்பவர் என்ன செய்தார் என்று கேட்கிறது. அதற்கான பதிலை அவரிடமிருந்தே பெற்றுக்கொள்கிறது. சில மாதிரிகளில் சரிவு வசதி அணைந்திருப்பதை வெளியே காட்டும் அடையாளம் உண்டு என்பது உண்மை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடும் நான்கு பேரில் யார் யாருடைய கருவியை எட்டிப் பார்க்கிறார்கள்?

அறிவதும் நேர்மையும் ஒன்றா என்று பார்க்க இந்தியத் தத்துவ மரபுகளில் ஒன்றான நியாய தரிசனம் உதவும். அது அறிவு வரும் வழிகளை நான்காகப் பிரிக்கிறது: காட்சி, அனுமானம், ஒப்புமை, ஆப்தர் சொல். கௌதமரின் சூத்திரங்களுக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், யாருடைய சொல்லை அறிவுக்கு வழியாக ஏற்கலாம் என்பதை விளக்கும்போது இரண்டு தகுதிகளைச் சேர்த்துக் கேட்கிறார். பொருளை நேராக அறிந்தவராக இருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடியே பிறருக்குச் சொல்லும் விருப்பமும் இருக்க வேண்டும். ரிஷியானாலும் ஆரியரானாலும் மிலேச்சரானாலும் இந்த இலக்கணம் பொது என்றும் சொல்லிவிடுகிறார். குலமும் கல்வியும் இதில் நுழையவில்லை என்பதே பெரிய விஷயம். எனினும் இங்கே நமக்கு வேண்டியது அந்த இரண்டு தகுதிகளும் தனித்தனியானவை என்பது. தெளிவாகப் பார்த்தவன் பார்த்ததை மறைக்கலாம். மறைக்க மனமில்லாதவன் மங்கலாகப் பார்த்திருக்கலாம். ஒன்று கூடினால் மற்றதும் தானாகக் கூடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. லேசர் முதல் தகுதியை மிக உயர்ந்த அளவில் கொடுத்துவிடுகிறது. இரண்டாவதன் பக்கமே அது போவதில்லை. அரசு முத்திரை குத்திய தராசு கடைக்குள் வந்ததனால் தட்டின் ஓரத்தைச் சுண்டுவிரலால் அழுத்தும் பழக்கம் ஒழிந்துவிடுவதில்லையே.

கோல்ஃப் இந்தக் கேள்விக்கு ஏற்ற களமாக இருப்பதற்குக் காரணம் அதன் அமைப்பு. மற்ற பல ஆட்டங்களில் நடுவர் பக்கத்திலேயே நிற்கிறார். கோல்ஃபில், பெரிய போட்டிகளை விட்டால், ஆடுகிறவரே தமக்கு நடுவர். புதருக்குள் பந்தைத் தேடிப் போகும்போது உடன் ஆடுபவர் நூறு கெஜம் தள்ளி மறுபக்கத்தில் இருப்பார். எத்தனை அடி அடித்தேன் என்பதற்கு ஸ்கோர் அட்டையில் ஆட்டக்காரர் இடும் கையெழுத்தே சாட்சி. உடன் கையெழுத்திடும் குறிப்பாளரும் பெரும்பாலும் அவர் சொன்னதைத்தான் எழுதியிருப்பார். வாத்ஸ்யாயனர் கேட்ட இரண்டாவது தகுதி இல்லாவிட்டால் அந்த அட்டையில் இருப்பவை வெறும் எண்கள். ஆட்டமே நடந்ததாகச் சொல்ல முடியாது.

சரிவை மட்டும் தடுப்பதில் என்ன நியாயம் என்று ஒருவர் கேட்கலாம். கூர்மையான கேள்வி. தூரம் உலகத்தைப் பற்றிய செய்தி, சரிவைச் சேர்த்துச் சொல்லும் எண் ஆலோசனை என்று வழக்கமாகச் சொல்லப்படும் பதில் எனக்குத் திருப்தி தரவில்லை. கோணமும் உலகத்தைப் பற்றிய செய்திதான். கருவிக்குள் இருக்கும் சாய்வுமானி அதை அளக்கிறது, மிச்சம் பள்ளிக்கூடத்துக் கோணவியல். காற்றின் வேகமும் அப்படியே. கருவியால் அதை அளப்பதையும் விதி தடுக்கிறது. செய்திக்கும் முடிவுக்கும் நடுவே கோடு கிழித்திருப்பதாகச் சொன்னால் அந்தக் கோடு இரண்டு நிமிஷம்கூடத் தாங்காது. பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 1978-இல் வெளியிட்ட ‘கிராஸ்ஹாப்பர்’ நூலில், ஆட்டம் என்பதே தேவையில்லாத தடைகளை நாமாக விரும்பி ஏற்றுக் கடக்கும் முயற்சி என்று வரையறுத்தார். அவர் காட்டும் உதாரணங்களில் கோல்ஃபும் ஒன்று. பந்து குழிக்குள் போவதுதான் குறிக்கோள் என்றால் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிடலாம்; மட்டையால் அடித்துத்தான் போடுவேன் என்று நாம் ஒப்புக்கொள்வதனால்தான் அது ஆட்டமாகிறது. இந்தப் பார்வையில், சரிவைத் தன் காலாலும் கண்ணாலும் உணர்ந்து கணக்கில் எடுப்பது ஏற்றுக்கொண்ட தடைகளில் ஒன்று, தூரத்தை ஊகிப்பது இனிமேல் அப்படியில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் கோடு யாரோ மனம்போனபடி போட்டது என்றாகிவிடாதா? ஆகாது. தூரம் என்பது லேசருக்கு வெகு காலம் முன்பே பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளும் விஷயமாகிவிட்டது. 150 கெஜத்தில் நட்ட குச்சி, நீர்த்தெளிப்பான் மூடியில் பொறித்த எண், மைதானக் குறிப்பேடு, மட்டைப்பை சுமந்து உடன்வரும் கேடியின் வாய்மொழி எல்லாமே அதைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஜாக் நிக்லஸ் 1961-இல் பெபிள் பீச்சில் அமெரிக்க அமெச்சூர் பட்டம் வென்றபோது, சக ஆட்டக்காரர் டீன் பீமன் சொன்ன யோசனைப்படி தூரங்களை நடந்தே அளந்து குறித்து வைத்துக்கொண்டார். பிறகு அது தொழில்முறை ஆட்டக்காரர்கள் எல்லாருடைய வழக்கமாகிவிட்டது. லேசர் வந்தபோது நடந்தது, இருந்த சாட்சியை விட்டு இன்னும் நல்ல சாட்சியைக் கூப்பிட்டது மட்டும்தான். சரிவும் காற்றும் அப்படி இல்லை. முன்கூட்டியே சேகரித்த குறிப்பைப் பையில் வைத்துக்கொள்ள விதி விடுகிறது. ஆனால் அந்த இடத்தில், அந்தக் கணத்தில் நின்று அவற்றை எடைபோடுவதை ஆட்டக்காரரின் உடம்புக்கே விட்டுவைத்திருக்கிறது. பிறர் சொல்லால் வந்ததைக் கருவி சொல்லட்டும், நேர்க்காட்சியால் வரவேண்டியது நேர்க்காட்சியாகவே இருக்கட்டும் என்று இதைப் படிக்கலாம். ஆட்டத்தின் போக்கிலேயே உருவான கோடு இது. நாளை மாறவும் மாறலாம். மாறும்வரை அதைக் காப்பது ஆட ஒப்புக்கொண்டவரின் கடமை.

தூரத்தை ஊகிப்பதே ஒரு கலையாக இருந்ததே, அதை இழந்துவிட்டோமே என்பவர்களின் குறையை நான் லேசாகத் தள்ளமாட்டேன். அலிஸ்டர் மெக்கென்சி, ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து அகஸ்டா நேஷனல் மைதானத்தை வடிவமைத்தவர். மருத்துவரான அவர், போயர் யுத்தத்தில் எதிரிகள் நிலத்தோடு நிலமாக மறைந்திருந்த விதத்தைக் கவனித்து, பின்னாளில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கே மறைப்புக்கலை கற்றுக்கொடுத்தார். அந்தப் பாடத்தை அவர் மைதானத்துக்கும் கொண்டுவந்தார். மணற்பள்ளம் கிரீனை ஒட்டி இருப்பதுபோலத் தெரியும். பக்கத்தில் போனால் இரண்டுக்கும் நடுவே பெரிய புல்வெளி கிடக்கும். கண் ஏமாறும், அடித்த பந்து குறைவாக விழும். முதல் ஓப்பன் போட்டி 1860-இல் நடந்த ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் ‘ஆல்ப்ஸ்’ என்ற 17-ஆம் குழிக்கு அடிக்கும்போது மணல்மேட்டுக்கு அப்பால் இருக்கும் கிரீன் கண்ணிலேயே படாது. இப்படிப்பட்ட இடங்களில் எண் கையில் இல்லாமல் நிற்கும் ஆட்டக்காரருக்கு உள்ளே ஓர் அச்சமும், தன் கணிப்பின்மேல் வைக்கும் துணிச்சலும் சேர்ந்து எழும். அது அருமையான அனுபவம். மெக்கென்சி விரித்த வலைகளில் ஒரு பகுதியை லேசர் அறுத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம் நாட்டில் மைதானத்தின் ஒவ்வொரு மேட்டையும் நடந்து நடந்தே அறிந்த கேடிகளின் அறிவுக்கும் இதனால் மதிப்புக் குறைகிறது. பெங்களூரு மைதானத்தில் கேடியாகத் தொடங்கி 2009-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தையே வென்ற சி. முனியப்பா போன்றவர்கள் வந்தது அந்த அறிவு விளைந்த நிலத்திலிருந்துதான்.

இழப்பு உண்மை. ஆனால் அது திறமையின் ஒரு கிளையில் ஏற்பட்ட இழப்பு, நேர்மையில் ஏற்பட்டதன்று. கிளைகள் இதற்கு முன்பும் உதிர்ந்திருக்கின்றன. நிக்லஸின் குறிப்பேடே ஒன்றை உதிர்த்தது. எண் வந்துவிட்டதால் கணிப்பு ஓய்ந்துவிடவும் இல்லை. கொடிக்குப் பின்னால் மரம் இருந்தால் ஒளித்துடிப்பு கம்பத்தை விட்டு மரத்தில் பட்டுத் திரும்பியிருக்கலாம். 170 என்று வந்தால் அது கொடியா மரமா என்று ஆட்டக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். மிகத் துல்லியமான காட்சியையும் சந்தேகித்துச் சோதிக்கும் புத்தி அங்கே வேண்டியிருக்கிறது. எதிர்க்காற்று எவ்வளவு, பந்து ஈரப்புல்லில் எவ்வளவு புதைந்து கிடக்கிறது, பதினாறு குழிகள் நடந்து களைத்த தோள் இன்று 7-ஆம் எண் அயர்ன் மட்டையை எவ்வளவு வேகமாகச் சுழற்றும் என்பதெல்லாம் கருவிக்குத் தெரியாது. நேரம் மிச்சமாகிறது என்ற வாதத்தையும் சிலர் முன்வைக்கிறார்கள், அமெரிக்காவின் பி.ஜி.ஏ. சங்கம் 2021-இல் தன் பெரிய போட்டிகளில் கருவியை அனுமதித்தபோது சொன்ன காரணம் அதுதான். அது வசதியைப் பற்றிய பேச்சு. நம் கேள்விக்கு அதில் பதிலில்லை.

எனக்கு உண்மையிலேயே சிரமம் கொடுக்கும் மறுப்பு வேறு. கண்காணிக்க முடியாத விதி நல்லவனைத் தண்டிக்கிறது, திருடனுக்குப் பரிசு கொடுக்கிறது என்பார்கள். சரிவுப் பொத்தானைத் தொடாதவர் ஆறு கெஜம் குறைவாக அடித்து மணற்பள்ளத்தில் நிற்கிறார். தொட்டவர் கிரீனில் நிற்கிறார். அதற்குப் பதிலாகச் சரிவையும் எல்லாருக்கும் அனுமதித்துவிடலாம், அல்லது சரிவு வசதியுள்ள கருவியை முற்றாகத் தடை செய்துவிடலாம். நடுவில் நின்று மனிதரை நம்புவது விதி வகுப்போரின் சோம்பல். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. அனுமதித்துவிட்டால் ஏமாற்றவே இடமிராது என்பதும் சரி. ஆனால் ஏமாற்ற இடமில்லாதபடி செய்யும்போது, ஏமாற்றாமல் இருந்த செயலும் கூடவே மறைந்துபோகிறது. பூட்டிய அறையில் ஒருவன் திருடவில்லை என்பதை வைத்து அவனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. 1925-இல் மாசசூசெட்ஸின் வூஸ்டரில் நடந்த அமெரிக்க ஓப்பனில் பாபி ஜோன்ஸ் பந்தை அடிக்கத் தயாரானபோது அது உயரமான புல்லில் சற்று அசைந்தது. அதிகாரிகள் யாரும் பார்க்கவில்லை. முடிவை அவரிடமே விட்டார்கள். அவர் தமக்குத் தாமே ஓர் அடி அபராதம் போட்டுக்கொண்டார். போட்டி முடிவில் வில்லி மெக்ஃபார்லேனுடன் சமநிலையில் நின்று, மறு ஆட்டத்தில் தோற்றார். அந்த ஓர் அடி இல்லாதிருந்தால் பட்டம் அவருடையது. நல்லவர் தண்டிக்கப்பட்டார் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடையாது. எனினும் ஜோன்ஸின் பந்துக்குப் பக்கத்தில் ஒரு கேமராவை வைத்திருந்தால் நியாயம் இன்னும் நன்றாக நடந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அபராதம் அப்போதும் அதே ஓர் அடிதான் இருந்திருக்கும். ஆனால் அதைக் கேமராதான் போட்டிருக்கும். அவர் செய்தது என்று ஒன்று இருந்திராது.

கேமரா வந்தபோது என்ன ஆயிற்று என்பதை 2017-இல் கலிஃபோர்னியாவில் நடந்த பெண்களுக்கான ஏ.என்.ஏ. இன்ஸ்பிரேஷன் போட்டியில் பார்த்தோம். லெக்ஸி தாம்சன் மூன்றாம் சுற்றில், கிரீனில் குறியிட்டு எடுத்த பந்தைத் திரும்ப வைத்தபோது அது ஏறக்குறைய ஓர் அங்குலம் விலகியிருந்தது. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மறுநாள் மின்னஞ்சலில் இதைத் தெரிவித்தார். இறுதிச் சுற்றின் நடுவே, முன்னணியில் இருந்தவரிடம் நான்கு அடி அபராதம் என்று சொன்னார்கள்: தவறான இடத்திலிருந்து ஆடியதற்கு இரண்டு, அதனால் பிழையாகிப்போன ஸ்கோர் அட்டையில் கையெழுத்திட்டதற்கு இரண்டு. அவர் ரியூ சோ-யோனிடம் மறு ஆட்டத்தில் தோற்றார். அந்த விவாதம் அடங்குமுன், அதே மாதத்திலேயே, விதி அமைப்புகள் ஒரு தீர்மானத்தை வெளியிட்டன. இடத்தையோ தூரத்தையோ ஆட்டக்காரர் கண்ணால் மதிப்பிட வேண்டியிருக்கும்போது, அந்தச் சூழ்நிலையில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய அளவுக்கு அக்கறையோடு செய்திருந்தால் போதும். பின்னால் காணொளி அது தவறென்று காட்டினாலும் அவருடைய கணிப்பே நிற்கும். 2019 விதிப்புத்தகத்தில் இது 1.3 என்ற விதிக்குள் நிரந்தரமாக இடம்பிடித்தது. லேசரை வரவேற்ற அதே புத்தகம், அதே ஆண்டில், கேமராவை ஓர் எல்லைக்கு அப்பால் வராதே என்று நிறுத்தியது. மேலோட்டமாகப் பார்த்தால் முரண்பாடுபோலத் தோன்றும். எனக்கு இரண்டும் ஒரே நிலைப்பாடாகவே தெரிகின்றன. அறிவதற்குக் கருவி துணை வரட்டும். நேர்மையை அளக்கும் வேலையை அது எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உண்மை இன்னதென்று தெரிந்த பிறகும் அதைப் புறக்கணிப்பது மற்ற ஆட்டக்காரர்களுக்கு அநியாயம் இல்லையா என்று கேட்கலாம். ஓர் அங்குலம் விலகிய பந்தால் மற்றவர்களுக்கு நேரும் பாதகம் சிறிது. மனிதக் கண்ணால் காண முடியாத பிழைக்கும் தண்டனை என்று வைத்தாலோ, அக்கறையோடு செய்தவரும் அலட்சியமாகச் செய்தவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டிவரும். அது பெரிய அநியாயம். கண்டதைக் கண்டபடி சொன்னவர் பிழையாகக் கண்டிருந்தால் அவர் பொய்யராகிவிடுவதில்லை. வாத்ஸ்யாயனர் பிரித்துவைத்த இரண்டு தகுதிகளில் முதலாவது குறைந்தது என்பதற்காக இரண்டாவதையும் பறித்துவிடுவதுபோலாகும் அது. வேண்டுமென்றே நகர்த்தி வைத்தவருக்கு இந்த விதி அடைக்கலம் தருவதுமில்லை, ஏனென்றால் அக்கறை என்ற நிபந்தனையை அவர் முதலிலேயே மீறிவிட்டார்.

இனி வரப்போகும் யோசனை ஒன்றை ஊகிக்க முடிகிறது. சரிவுப் பொத்தான் எப்போது தள்ளப்பட்டது, எத்தனை முறை தள்ளப்பட்டது என்பதைக் கருவியே பதிந்து வைத்துப் போட்டிக் குழுவுக்கு அனுப்புவது இன்றைய தொழில்நுட்பத்துக்குப் பெரிய வேலையில்லை. லட்சக்கணக்கான டாலர் பரிசுள்ள தொழில்முறைப் போட்டியில், பிறருடைய வருமானமும் சம்பந்தப்பட்டிருப்பதால், சரிவு வசதியே இல்லாத கருவியைத்தான் கொண்டுவர வேண்டும் என்று குழு கேட்டால் நான் ஆட்சேபிக்கமாட்டேன். அங்கே நடுவர்களும் கேமராக்களும் ஏற்கெனவே சுற்றி நிற்கிறார்கள். ஆனால் மன்றங்களின் மாதாந்திரப் போட்டிகளுக்கும், நண்பர்கள் ஆடும் வழக்கமான சுற்றுகளுக்கும் அந்தப் பதிவேடு வரக்கூடாது. வந்தால் 2016-இல் எடுத்த முடிவு சந்தடியில்லாமல் ரத்தாகிவிடும். ஸ்கோர் அட்டையின் கீழே கையெழுத்துக்கு விட்ட இடம் அப்போதும் இருக்கும். அதில் கையெழுத்திடுகிறவர் தன் பொறுப்பில் எதற்குச் சாட்சி சொல்கிறார் என்பதற்கு மட்டும் பதிலிருக்காது. விதி வகுக்கும் இரண்டு அமைப்புகளும் அந்த யோசனை வரும் நாளில் அதை மறுக்க வேண்டும். பயிற்சிக்குச் சேரும் சிறுவர்களிடம் கருவியைக் கொடுக்கும்போது சரிவு வசதியை அணைத்து வைக்கும் பழக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுக்க வேண்டும், அணைத்ததை யாரும் சரிபார்க்கப்போவதில்லை என்பதை மறைக்காமல் சொல்லி.